பெறுநர்: எல்லாம் வல்ல இறைவன், விண்ணகம்

நான் மனு எழுதுகிறவன். பெயர் சவரிராயன், வயது ஐம்பத்தொன்பது, இருப்பு வில்லாபுரம். தாலுகா ஆபீஸ் ஒன்றின் வாசலில், ஷாநவாஸின் ஜெராக்ஸ் கடை நிழலில், ஒரு மேசையும் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியும் போட்டு முப்பத்தொரு வருடமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். பட்டா மாறுதல், முதியோர் பென்ஷன், குடிதண்ணீர், சாக்கடை, பக்கத்து வீட்டுக்காரன், எதுவானாலும் ஒன்றரைப் பக்கத்தில் முடித்துக் கொடுப்பேன். என் மனுவைப் படித்த ஒரு தாசில்தார், "யாருய்யா எழுதுனது, நமக்கே பாவமா இருக்கு" என்று கேட்டதாக ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதே நான்தான் என்று என் மனைவி சொல்வாள். அதை நான் மறுக்கவில்லை.

இத்தனை வருடத்தில் நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். வாயால் சொன்ன எதுவும் நடக்காது. "போன வாரமே வந்து சொன்னேனே சார்" என்று அழுகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். எழுத்தில் கொடுக்க வேண்டும், இணைப்பு வைக்க வேண்டும், அத்தாட்சி வாங்க வேண்டும். ஒரு தாலுகாவிலேயே இந்த நிலை என்றால், உலகம் பூராவும் மனுக் குவிகிற இடத்தில் வாய்க்குள் முணுமுணுத்தால் யார் காதில் விழும்? ஆகவே கடவுளுக்கும் நான் எழுதித்தான் கொடுப்பேன்.

அதற்கு வசதியும் இருக்கிறது. எங்கள் பங்குக் கோயிலில், அந்தோணியார் சிலை இருக்கும் குகை மாதிரியான கெபியின் முன்னால் ஒரு மரப்பெட்டி உண்டு. வேண்டுதலைத் தாளில் எழுதி அதில் போடுவார்கள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நவநாள் செபத்தில் ஃபாதர் பெட்டியைத் திறந்து, கைக்கு வந்த நாலைந்தைப் பெயர் சொல்லாமல் வாசிப்பார். கூட்டம் மொத்தமும் சேர்ந்து மன்றாடும். கிறிஸ்தவர்கள்தான் வருவார்கள் என்றில்லை, செவ்வாய்க்கிழமை அந்தோணியாரிடம் எல்லாரும் வருவார்கள். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் 'மகளுக்கு வரன் வேணும்' என்று எழுதிப் போட்டிருப்பார்கள். எந்த மகள், எந்த ஊர், என்ன படிப்பு, ஒரு விவரமும் இருக்காது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என் மனைவி சலேத்தம்மாள் அந்த அளவுக்குக்கூட மெனக்கெட மாட்டாள். பாத்திரம் விளக்கிக்கொண்டே பேசுவாள். "இயேசப்பா, கேஸு தீரப்போகுது, பாத்துக்கங்க. இந்த மனுசன் காலையில இருந்து மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு இருக்காரு, அதையும் பாத்துக்கங்க." அவ்வளவுதான் செபம். சிலிண்டர் வந்துவிடும். நான் புக் பண்ணியதால் வந்தது என்று எத்தனை தடவை சொன்னாலும் அவளுக்குக் காதில் ஏறாது.

இப்போது என் கண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எனக்கு இருப்பது ஒரு கண். ஒன்பது வயதில் கிட்டிப்புள் விளையாடும்போது புள் வந்து இடது கண்ணில் அடித்தது. அன்றோடு அது முடிந்தது. ஐம்பது வருடமாக வலது கண்ணை வைத்துத்தான் எழுதுகிறேன், ரோட்டைக் கடக்கிறேன், சலேத்தின் முகத்தில் கோபம் எவ்வளவு என்று அளக்கிறேன். போன வருடத்திலிருந்து அந்தக் கண்ணில் புரை விழுந்துவிட்டது. எழுத்தெல்லாம் மோரில் விழுந்த மாதிரி தெரிந்தது. ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும் என்றார் டாக்டர். வியாழக்கிழமைக்கு நாள் குறித்தார்.

"பயப்படாதீங்க, பத்து நிமிஷ வேலை" என்றார். அது எனக்கு ஆறுதலாக இல்லை. முதல் கண் போவதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. சரியாக நடக்காவிட்டால் எனக்கு இருட்டுதான், வேறு கண் கிடையாது. பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. இதைச் சலேத்திடம் சொல்லவில்லை. ஊருக்கே மனு எழுதுகிறவன் பயப்படுகிறான் என்றால் நன்றாகவா இருக்கும்?

கடவுளுக்கு எழுதினேன். வெயில் வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு மூன்று நாள் எழுதினேன். மூன்று பக்கம். என் வாழ்நாளிலேயே அதுதான் நல்ல மனு.

'பெறுநர்: எல்லாம் வல்ல இறைவன் அவர்கள், விண்ணகம். வழி: புனித அந்தோணியார் அவர்கள். பொருள்: வலது கண், புரை நீக்கும் அறுவை சிகிச்சை, நல்லபடியாக முடித்துத் தர வேண்டுதல் தொடர்பாக. பார்வை: 1992-ஆம் ஆண்டு திருமணம் குறித்து அடியேன் சமர்ப்பித்த மனுவும், அதன்மீது தாங்கள் எடுத்த மேலான நடவடிக்கையும்.' இப்படித் தொடங்கியிருந்தேன். இணைப்பாகக் கண் பரிசோதனை அறிக்கை நகல், ஆதார் நகல், திருமுழுக்குச் சான்றிதழ் நகல். ஆதார் எதற்கு என்று ஷாநவாஸ் கேட்டான்.

"வில்லாபுரத்துல இன்னொரு சவரிராயன் இருக்காருப்பா. அவருக்கும் கண்ணுல கோளாறு. என் மனுவுக்கு அவரு கண்ணைச் சரி பண்ணிட்டா நான் எங்க போய் நிக்கிறது?"

"அல்லாவுக்கே ஆதார் கேக்குற ஒரே ஆளு நீங்கதான்ணே" என்று சொல்லிவிட்டு நகல் எடுத்தான்.

அது திங்கட்கிழமை. அதே நேரத்தில் அன்னக்கொடி என்ற அம்மாளுக்கும் ஒரு மனு முடித்திருந்தேன். தெருவின் பொதுப்பாதையில் பால்பாண்டி என்பவர் தன் எருமையைக் கட்டி வைத்துக்கொண்டு அவிழ்க்க மாட்டேன் என்கிறார், அதுதான் புகார். ஷாநவாஸ் இரண்டையும் நகல் எடுத்து, பின் அடித்து, இரண்டு காக்கி கவரில் போட்டு மேசையில் வைத்தான். என் கவரின் மேல் நான் எதுவும் எழுதவில்லை. கடவுள் பெயரை எழுதினால் வருகிறவர் போகிறவரெல்லாம் சிரிப்பார்களே என்ற கூச்சம். ஒரு கவரை அன்னக்கொடியிடம் கொடுத்தேன். அவர் உள்ளே போய்க் கொடுத்து, அத்தாட்சிச் சீட்டு வாங்கி, முந்தானையில் முடிந்துகொண்டு போனார். இன்னொரு கவரை என் பையில் வைத்தேன். மறுநாள் சாயங்காலம் அந்தோணியார் பெட்டியில் போட்டேன். போட்டதும் ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், ஒரு வாரத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் கெபி வாசலில் சுண்டல் வாங்கிச் சாப்பிட்டேன்.

ஃபாதர் பெட்டியைத் திறந்தார். ஊருக்குப் புதியவர், சின்ன வயது, கையில் வந்ததை முன்கூட்டிப் பார்க்காமல் வாசிக்கிறவர். முதலில் ஒரு வரன், பிறகு ஒரு பரீட்சை, பிறகு ஒரு குடிகாரப் புருஷன். நாலாவதாகக் காக்கி கவர் வந்தது. நான் நிமிர்ந்து உட்கார்ந்து சலேத்தை இடித்தேன்.

"மனுதாரர் வசிக்கும் தெருவின் பொதுப்பாதையில்," என்று ஃபாதர் கணீரென்று ஆரம்பித்தார், "எதிர்மனுதாரர் தனது எருமையைக் கடந்த எட்டு மாத காலமாகக் கட்டி வைத்திருப்பதனால்..."

அவர் ஒரு கணம் நிறுத்தினார். ஆனால் கூட்டம் நிறுத்தவில்லை. வாசிப்பில் இடைவெளி விழுந்தால் பதில் சொல்வது அதன் பழக்கம்.

"கேட்டருளும் ஆண்டவரே!" என்றது முந்நூறு குரல்.

ஃபாதருக்கு வேறு வழியில்லை. தொடர்ந்தார். "இடது கொம்பு மடங்கிய மேற்படி எருமையானது பாதையின் குறுக்கே படுத்துக்கொண்டு, பள்ளிப் பிள்ளைகளுக்கும் வயோதிகர்களுக்கும் சொல்லொணா இடையூறு விளைவித்து வருவதனால்..."

"கேட்டருளும் ஆண்டவரே!"

"மேற்படி எருமை இரு தினங்களுக்கு முன் மனுதாரரின் சேலையைக் கொடியிலிருந்து இழுத்துத் தின்றுவிட்டபடியால்..."

"கேட்டருளும் ஆண்டவரே!" இந்த முறை பெண்கள் பக்கம் சத்தம் கூடுதலாக இருந்தது.

நல்ல நடை, யாரோ அனுபவசாலி எழுதியது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சேலை வந்த பிறகுதான் அந்த அனுபவசாலி நான்தான் என்று உறைத்தது. அன்னக்கொடியின் மனு இங்கே இருக்கிறது என்றால் என் மனு எங்கே?

செபம் முடிந்து வெளியே வந்தால் ஒரு ஆள் என் கையைப் பிடித்துக்கொண்டார். முகமெல்லாம் வேர்த்திருந்தது. எருமைக்காரர் பால்பாண்டிதான். மகன் வேலைக்காக ஒன்பது செவ்வாய் நேர்ந்துகொண்டு வருகிறாராம், இது ஏழாவது.

"அண்ணே, நீங்க இந்தக் கோயில் ஆளுதான? என் எருமையப் பத்தி அந்தோணியாருக்கு யாருண்ணே சொன்னது?"

"அவருக்குத் தெரியாதது உண்டா" என்றேன். என் புத்தி தாலுகா ஆபீஸில் இருந்தது.

"கொம்பு மடங்குனது மொதக்கொண்டு தெரிஞ்சிருக்கேண்ணே! இம்புட்டுப் பேரும் சேந்து வேண்டிட்டாகளே, இனி அது தெருவுல நின்னா நான் வெளங்குவேனா?" என்றபடி செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினார். எருமை அன்றைக்கே கண்மாய்க்கரைக்குப் போய்விட்டது.

மறுநாள் காலை அன்னக்கொடி ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். "அண்ணே, கவர்மெண்டுன்னா சும்மா இல்லண்ணே! திங்கக்கிழமை குடுத்தேன், செவ்வாய்க்கிழமை பாதை காலி. எல்லாம் ஒங்க எழுத்துண்ணே!"

பழத்தை வாங்கி வைத்தேன். தின்ன முடியவில்லை. எனக்கு விஷயம் வெட்டவெளிச்சமாகிவிட்டது. பெட்டியில் எது விழுகிறதோ அதற்கு ஒரு மணி நேரத்தில் நடவடிக்கை எடுக்கிறார்கள். எருமைக்கே எடுக்கிறார்கள். என் கண் மட்டும் பெட்டியில் விழவில்லை. இப்படிப்பட்ட மடையன் இந்த மதுரையில் இன்னொருத்தன் இருப்பானா என்று என்னை நானே திட்டிக்கொண்டு ஆபீஸுக்குள் போனேன்.

தபால் பிரிவில் அஸ்வினி என்று ஒரு பெண். என் பெயரைச் சொன்னதும் எழுந்து நின்றுவிட்டாள்.

"அந்த சவரிராயன் நீங்கதானா சார்? அது அன்னக்கொடிங்கிற பேருல பதிவாயிருச்சு. பிரிச்சுப் பாத்தா பெறுநர்னு கடவுள் பேரு போட்டிருக்கு. எங்களுக்கு ஒண்ணும் புரியல."

"அதைக் குடுத்துரும்மா. நாளைக்கு எனக்கு ஆபரேஷன்."

"நேத்தே அனுப்புநர் முகவரிக்குத் திருப்பித் தபால்ல போட்டுட்டோமே சார். ரெண்டு மூணு நாள்ல வந்துரும்."

"திருப்பிட்டீங்களா? என்னன்னு எழுதித் திருப்புனீங்க?"

அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "தங்கள் கோரிக்கை இவ்வலுவலகத்தின் அதிகார வரம்பிற்கு உட்பட்டதல்ல."

சரியான பதில்தான். நான் தாசில்தாராக இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன். "படிச்சேன் சார், எங்க குலசாமிகிட்ட உங்களுக்காக வேண்டிக்கிட்டேன்" என்று அந்தப் பெண் சொன்னாள். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். பெட்டி அடுத்த செவ்வாய்தான் திறப்பார்கள். என் கண்ணைத் திறக்கப் போவது நாளைக்கு.

அன்று மதியமே ஆஸ்பத்திரியில் சேர்ந்தாகிவிட்டது. ட்யூப் லைட் வெளிச்சத்தில் மறுபடி எழுதப் பார்த்தேன். வரிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்தன. போதாததற்கு சிஸ்டர் வந்து கண்ணில் மருந்து விட்டுவிட்டுப் போனார். தாள் எது, மெத்தை விரிப்பு எது என்றே தெரியவில்லை. வேறு வழியில்லாமல் சலேத்திடம் பேனாவைக் கொடுத்தேன். அவள் ஐந்தாவது வரை படித்தவள்.

"நான் சொல்லச் சொல்ல எழுது. பெறுநர்..."

அவள் எழுதினாள். நான் பெறுநரைச் சொல்லி முடிப்பதற்குள் பேனாவை மூடிவிட்டாள்.

"அதுக்குள்ள என்னத்த எழுதுன?"

"'அப்பா, இவருக்குக் கண்ணைக் குடுத்துருங்க.'"

"எவருக்கு? எந்தக் கண்ணு? எந்த ஆஸ்பத்திரி, என்ன வார்டு? கீழ உன் பேராச்சும் போட்டியா?"

"என்னிய அவருக்குத் தெரியும்" என்றாள். "உங்களையும் தெரியும். முப்பது வருசமா உங்களப் பத்தித்தான அவருகிட்டப் பேசிக்கிட்டு இருக்கேன்." தாளை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு இட்லி வாங்கப் போய்விட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கோபம் இறங்கின பிறகு பயம்தான் மிச்சம் இருந்தது.

வியாழக்கிழமை காலை பச்சை அங்கியும் தொப்பியும் மாட்டி, தியேட்டருக்கு வெளியே ஒரு பெஞ்சில் வரிசையாக உட்கார வைத்தார்கள். கூட வந்தவர்கள் யாரும் அங்கே வரக் கூடாது. மருந்து விட்டு விட்டு எனக்கு எல்லாமே வெளிச்சக் குழம்பாக இருந்தது. பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்திருப்பது மட்டும் தெரிந்தது, முகம் தெரியவில்லை.

எழுத முடியாவிட்டால் போகிறது, மனப்பாடமாகச் சொல்லிவிடலாம் என்று ஆரம்பித்தேன். 'மாண்புமிகு ஆண்டவர் அவர்களுக்கு, கீழே கையொப்பமிட்டுள்ள அடியேன்...' என்று மனதுக்குள் போனது. கையொப்பம் எங்கே? கீழே ஒன்றுமே இல்லையே. திரும்ப ஆரம்பித்தேன். 'பொருள்' வரைக்கும் வந்தது. அதற்கு மேல், மூன்று நாள் உட்கார்ந்து செதுக்கிய மூன்று பக்கத்தில், ஒரு வரிகூட ஞாபகம் வரவில்லை.

"சவரிராயன் ஐயா, அடுத்தது நீங்க" என்றது சிஸ்டரின் குரல்.

என்னை மீறி வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

"ஆண்டவரே, பயமா இருக்கு. எனக்கு இருக்கிறது இந்த ஒண்ணுதான். கையப் புடிச்சுக்கங்க."

ஒரு கை வந்து என் கையைப் பிடித்தது.

எனக்கு உயிரே ஒரு நொடி நின்றுவிட்டது. முப்பத்தொரு வருடச் சேவையில் எந்த அலுவலகத்திலும் இவ்வளவு சீக்கிரம் பதில் வந்ததில்லை. கரடுமுரடான கை, காய்ப்புக் காய்த்த உள்ளங்கை, லேசாக வெற்றிலை வாசனை.

"புடிச்சுக்கிட்டேண்ணே" என்றது பக்கத்து ஆளின் குரல்.

நான் கேட்டது அவரை இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் "விட்றாதீங்க" என்றுதான் வந்தது. அதை யாரிடம் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"நானும் பயந்துதாண்ணே கெடக்கேன்" என்றார் அவர். "பேரு மொக்கையன், சோழவந்தான் பக்கம். கொடிக்கால்ல வெத்தல கிள்ளுறேன். எனக்கும் சேத்து ஒரு வார்த்தை சொல்லிருங்க."

"இவரையும் பாத்துக்கங்க ஆண்டவரே" என்றேன். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் சேர்க்கத் தோன்றவில்லை. பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். பயம் இருந்தது, ஆனால் நான் தனியாக இல்லை. சிஸ்டர் வந்து எங்கள் கையைப் பிரித்துத்தான் என்னை உள்ளே கூட்டிப்போனார்.

மறுநாள் காலை கட்டைப் பிரித்தார்கள். முதலில் வெறும் வெள்ளை. பிறகு ஃபேன் தெரிந்தது, ஃபேனில் இருந்த ஒட்டடை தெரிந்தது, அப்புறம் சலேத் தெரிந்தாள். அழுதுகொண்டிருந்தாள்.

"ஏன் அழுகுற? நல்லாத் தெரியுது."

"தெரியுதுன்னுதான் அழுகுறேன்" என்றாள். அவள் தலையில் இவ்வளவு நரை விழுந்திருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அதையும் சொல்லித் தொலைத்தேன், நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பிறகு எழுந்து மொக்கையனைத் தேடிப் போனேன். முகத்தைப் பார்த்ததில்லையே, ஒவ்வொரு கட்டிலாகப் போய்ப் பெயர் கேட்டேன். கடைசிக் கட்டிலில் இருந்தார். குட்டையான மனுஷன், வெள்ளைத் தாடி முள்முள்ளாக, கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு மாதிரி மிடுக்காக உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, நீங்கதானா! தெரியுதா?"

"தெரியுது. உங்களுக்கு?"

"பளிச்சுன்னு இருக்குண்ணே."

மனதில் வைத்துக்கொள்ள முடியாமல் சொல்லிவிட்டேன். "நேத்து கையப் புடிச்சுக்கங்கன்னு நான் சொன்னது உங்ககிட்ட இல்லங்க. தப்பா எடுத்துக்காதீங்க. நான் சாமிகிட்டக் கேட்டேன்."

"தெரியும்ணே" என்றார் மொக்கையன். "சாமிகிட்டத்தான் கேட்டீங்க. பக்கத்துல நாந்தான இருந்தேன்."

சொல்லிவிட்டு, காப்பி வந்துவிட்டதா என்று பார்க்க வராந்தாவுக்குப் போனார். நான் அவர் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஒரு வாரத்துக்குக் கண்ணில் தண்ணீர் படக் கூடாது என்று சிஸ்டர் சொல்லியிருந்தது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.